அடியில்லாத கழுதைக்குழி

கையாட்டுறான் பாரு... கையாட்டுறான்! நான் இங்க துண்டை எடுத்து சுத்து சுத்துன்னு சுத்தி வாய்யா வாய்யாங்கறேன், அவன் என்னமோ ஞாயித்துக்கெழமை சர்ச் வாசல்ல பாத்துக்கிட்ட மாதிரி சிரிச்சு ஒரு கையாட்டு ஆட்டிட்டுப் போறான். இதோட எத்தனை படகு மாப்ள? ஆறா? அந்தச் செவப்புப் படகைச் சேத்தியா? சேத்துக்கோ. ஏழு. ஏழு படகு! ஒருத்தனுக்காவது மோட்டாரை அணைச்சு, "என்ன டோயல், மாட்டிக்கிட்டியா, கயிறு போடவா"ன்னு ஒரு வார்த்தை கேக்கத் தோணுச்சா? முன்னூறு கெஜம் தள்ளி நின்னு எட்டிப் பாக்குறானுங்க, ஒரு வட்டம் போட்டுத் திரும்பிக்கிறானுங்க. டென்னசிக்காரன்னா உதவிக்கு ஓடி வருவான்னு வெளியூர்ல பேரு. ஓடத்தான் செய்றான். அந்தப் பக்கமா ஓடுறான்.

மணி என்ன? ஒண்ணே முக்காலா... அடப் போங்கப்பா. மூணு மணிக்கு மீன்புடிப் போட்டித் தராசு. மூணு அடிச்சு ஒரு நிமிஷம் ஆச்சுன்னா அந்த பெர்னிஸ் தராசு மேல மேசைத்துணியைப் போட்டு மூடிருவா. அழுதாலும் எடுக்க மாட்டா. போன வருஷம் ஒருத்தன் மோட்டார் தீப்புடிச்சு, மீன் பையைக் கழுத்துல மாட்டிக்கிட்டு நீந்தியே வந்தான். ரெண்டு நிமிஷம் லேட்டு. "முதல்ல தலையைத் துவட்டு, அடுத்த வருஷம் பாப்போம்"னுட்டா. ஏழு மீனு, ஏழும் உயிரோட இருக்கணும், மூணு மணிக்குள்ள தராசுல விழணும். அவ்வளவு தான் சட்டம்.

இருக்கே! ஏழும் இருக்கே! தொட்டி மூடியைத் தூக்கிப் பாரு. வேணாம் வேணாம், நீ அசையாத, படகு மூக்குல உக்காந்த எடத்துலயே இரு, நான் பாக்குறேன்... இந்தா, இதைப் பாரு, சாப்பாட்டுத் தட்டு மாதிரி அகலம்! ரெண்டரை பவுண்டுக்குக் கொறையாது. இந்த மாதிரி ஏழு, இந்த ஏரியில எவன் தொட்டியிலயும் இன்னைக்கு இல்ல. வெண்டல் தொட்டியிலயும் இல்ல. காலையிலயே எட்டிப் பாத்துட்டேன். உள்ளங்கை அளவு.

பதினோரு வருஷம் மாப்ள! பதினோரு வருஷமா துறையில, ஜெயிச்சவன் பேரு போடுற பலகையில என் மச்சான் பேரு தான். வெண்டல், வெண்டல், வெண்டல்... பெயிண்ட் அடிக்கிறவனே சலிச்சுப் போயி போன வருஷம் "மேற்படி"ன்னு போட்டுட்டான். உன் மாமியாருக்கு அண்ணன்னு நான் எவ்வளவு தான் பொறுக்குறது? நவம்பர் விருந்துக்கு என் வீட்டு மேசைக்கு வந்து, என் வான்கோழியை வெட்டிக்கிட்டே, "டோயல், கிராப்பி மீனு புடிக்க நான் வேணா சொல்லித் தரவா"ங்கறான். கையில கத்தி அவன்கிட்ட இருந்துச்சு, பொழைச்சான்.

இதுக்கெல்லாம் காரணம் யாரு? மதகைத் திறந்தான் பாரு, அவன். ஏப்ரல் மாசம், டாக்வுட் மரம் பூத்தாச்சு, மீன் முட்டை போடக் கரையேறுற நேரம், ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு மதகைத் திறந்து ஒரு அடித் தண்ணியை வெளிய விட்டுட்டான். ஏற்கெனவே இது என்ன கடலா? பதினாலு மைல் நீளம், அஞ்சு மைல் அகலம், எங்க குதிச்சாலும் தொப்பி நனையாது. இந்த ஒரு எடத்தைத் தவிர... ஆமா, இந்த ஒரு எடத்தைத் தவிர. அதுல ஒரு அடி போனா, கீழ இருக்கறதெல்லாம் மேல வந்து படகு வயித்தைக் குத்தாம என்ன பண்ணும்?

சரி, அவனையே சொல்லுவானேன். உன் பேட்டரி என்ன கனம்? அதையும் சொல்லணும்ல? மீன் காட்டுற டிவின்னு ஒண்ணைக் கொண்டு வந்த. அதுக்கு ரெண்டு பேட்டரி, ஒவ்வொண்ணும் ஒரு கன்னுக்குட்டி கனம். அதைக் கொண்டு போயி மூக்குல வெச்சு, அதுக்குப் பக்கத்துல நீயும் உக்காந்துக்கிட்ட. நீ என்ன இறகா? என் பொண்ணு டார்லா சமைச்சுப் போடுறா, நல்லாத் திங்கற, சந்தோஷம், ஆனா படகுக்குன்னு ஒரு நியாயம் இருக்குல்ல?

காலையில ஆறு மணியிலருந்து பத்து மணி வரைக்கும் நீ பண்ணினது என்ன? ஒத்தைத் தூண்டில் கம்பைப் புடிச்சுக்கிட்டு வர்ணனை. "மாமா, ஒண்ணு வருது, இரையைப் பாக்குது, யோசிக்குது, போயிருச்சு." யோசிக்குதாம்! மீனு யோசிக்கிறதைப் பாக்கவா நான் நாலு மணிக்கு எந்திரிச்சு வந்தேன்? நான் என்ன பண்ணினேன்? பதினாறு அடிக் கம்பு எட்டு. படகுக்கு முன்னால விசிறி விரிச்ச மாதிரி. ஒவ்வொண்ணும் ஒரு ஆழம், கால் அடி கால் அடியா எறக்கி. கலங்கல் தண்ணிக்கு மஞ்சளும் பச்சையும் கலந்த இறகு கட்டுன தூண்டில் முள்ளு, அது மேல ஒரு உயிர் மீன்குஞ்சு. அப்புறம் எவ்வளவு மெதுவா தெரியுமா தள்ளணும்? படகு போகுதா நிக்குதான்னு கரையில இருக்கறவன் பந்தயம் கட்டணும், அவ்வளவு மெதுவா. எந்தக் கம்பு தலையாட்டுதோ, மத்த ஏழையும் அந்த ஆழத்துக்குக் கொண்டு வா. அவ்வளவு தான் வித்தை. இதுக்கு டிவி எதுக்கு? கிராப்பிக்குக் கண்ணு மேல பாக்குற கண்ணு. தலைக்கு மேல ஒரு சாண் தள்ளி இரையைக் காட்டுனா எந்திரிச்சு வரும். மூக்குக்குக் கீழ காட்டுனா நாள் முழுக்க அங்கயே கெடந்தாலும் சீந்தாது.

அப்படியும் உனக்கு ஒண்ணு கடிச்சுது. உள்ளதைச் சொல்லணும். கடிச்சுது. நீ என்ன பண்ணின? வெறகு பொளக்கற மாதிரி ஒரு இழுப்பு! அதுக்கு உதடு காகிதம் மாப்ள, காகிதம்! தபால் ஒறை கிழியுற மாதிரி கிழிஞ்சுது. மீனு தண்ணியில, உதடு உன் முள்ளுல. அதையும் படம் புடிச்ச.

துறையில வேற மானத்தை வாங்கின. நாப்பது பேரு நிக்கிறானுங்க, "க்ரேப்பி புடிக்கப் போறோம்"ங்கற. க்ரேப்பியாம்! கிராப்பி! வாயைத் திற, கிராப்பி! எழுத்துக் கூட்டிப் படிக்கிறதெல்லாம் நாஷ்வில் ஆபீஸ்ல வெச்சுக்கோ. வெண்டல் சிரிச்ச சிரிப்புல காப்பி மூக்கு வழியா வந்துச்சு.

சரி, எதாவது தின்னு. தகர டப்பா சாசேஜ் இருக்கு, உப்பு பிஸ்கட் இருக்கு. என்ன, வேணாமா? ஏன் இப்படிப் படகு விளிம்பைப் புடிச்சிருக்க, வெரல் எல்லாம் வெள்ளையா? ஒண்ணுக்கு மேல ஒண்ணா ரெண்டு மிதவைச் சட்டை வேற. ரெண்டாவது என்னுது.

ஓ... அதுவா. உனக்கு யாரு சொன்னா? கல்யாண விருந்துலயா? வெண்டலா? சொல்லாம இருப்பானா. என்ன சொன்னான்? இந்தக் கழுதைக்குழிக்கு அடி கெடையாது, பூமி குலுங்கி ஆறு பின்னால ஓடின காலத்துல தரை பொளந்த எடம், கோவேறு கழுதை பூட்டுன வண்டி ஒண்ணு அப்படியே உள்ள போச்சு, காப்பாத்தக் குதிச்ச சபை மூப்பரும் போனாரு, அவர் குடை மட்டும் எட்டு நாள் கழிச்சு மிசிசிப்பி ஆத்துல மிதந்துச்சு... குடையா? குடையும் சேத்துட்டானுங்களா? பாத்தியா இந்த ஊர்க்காரனுங்களை! கழுதை. ஒரே ஒரு கழுதை தான். வண்டி கெடையாது. வண்டியை வெண்டல் சேத்தான். மூப்பரை சர்ச்சுக்காரனுங்களே சேத்துக்கிட்டானுங்க, அவனுங்களுக்கும் ஒரு தியாகி வேணும்ல. ஸ்கூல் டீச்சரம்மா ரயில் பெட்டி ஒண்ணு போச்சுன்னு சொல்லித் தருதாம். ரயிலு! இந்த ஏரிக்கு ரயில் எப்ப வந்துச்சு? பெட்ரோல் பங்க்ல பனியன் விக்கிறானுங்க, தண்ணிக்கு மேல கழுதை மூக்கு மட்டும் தெரியுற படம் போட்டு. ஒரு கதையைக் குடுத்தா அதை ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாத பயலுங்க.

இல்ல... எனக்கு எப்படித் தெரியும்னா... எல்லாருக்கும் தெரியும். பொதுவா தெரியும். விடு.

நீ பண்ணின போனை விடவா? யாரைக் கேட்டு ஷெரிப் ஆபீசுக்குப் போன் போட்ட? "கழுதைக்குழியில மாட்டிக்கிட்டோம்"னு சொல்லிட்ட. போனை எடுத்த பொண்ணு "அசையாதீங்க, மூச்சு மெதுவா விடுங்க, ஜெபம் பண்ணுங்க"ன்னுச்சாம். நூறு அடிக் கயிறும் பலகையும் பக்கத்துக் கவுண்டியிலருந்து வரணுமாம், அஞ்சு மணி ஆகுமாம். அஞ்சு மணிக்கு வந்து? பலகையை வெச்சு எனக்குப் பெட்டி செய்யவா? மூணு மணிக்குத் தராசை மூடிருவாடா!

பொறு... ஒரு படகு வருது. வருது, வருது! துண்டு, துண்டு எங்க? ஓய்! இங்க! இந்தப் பக்கம்! நின்னுட்டான்... யாரு அது? பாப்டிஸ்ட் சபைப் பாடகர் குழு மணியக்காரன், லோமக்ஸு. நல்ல மனுஷன், இவன் வருவான் பாரு... என்ன பண்றான்? தொப்பியை... தொப்பியைக் கழட்டுறான்! நெஞ்சுல வெச்சுக்கிறான்! ஏய்! நான் சாகலடா! உயிரோட தான் இருக்கேன்! தொப்பியைப் போடுடா! ...பாடுறான் மாப்ள. கேக்குதா? அடக்கத்துக்குப் பாடுற பாட்டைப் பாடுறான். சுருதியைக் கூட சரியாப் புடிக்கல.

பாடி முடிச்சுட்டுப் போயிட்டான்.

ஒரு டம்ளர் குடு. அந்தக் காலி சாசேஜ் டப்பா தான், குடு. தொட்டிப் பம்பு மூச்சு வாங்குது. உன் டிவி குடிச்ச கரண்டு. நான் தண்ணியை மொண்டு மொண்டு ஊத்துறேன், காத்தாவது போகட்டும் மீனுக்கு. பதினொண்ணு வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. ஏழு மீனும் விழுந்தாச்சு. அப்பவே கெளம்பியிருக்கலாம். ஏழாவது கொஞ்சம் சின்னது, மாத்திக்கலாம்னு தோணுச்சு. "போதும் மாமா"ன்னு நீயும் சொன்ன. சொன்ன. இல்லேங்கல. நான் என்ன கண்டேன், இன்னும் நாலு அடி உள்ள தள்ளுனா படகு மூக்கு எது மேலயாவது ஏறி மாட்டும்னு...

என்ன பண்ற? போனைத் திருப்பி மூஞ்சிக்கு நேரா... யார்கிட்ட பேசுற? டார்லாவா? எடுத்தாளா? எடுக்கலையா, பதிவா பண்ற? "நான் திரும்பலேன்னா நாயைப் பாத்துக்கோ"வா? ஏய். ஏய், மாப்ள. கண்ணைத் தொடை. நிறுத்து அதை. அவ கேட்டா என் வீட்டுக்குள்ளயே எனக்குச் சோறு கெடைக்காது. நிறுத்துங்கறேன்! ...அடி இருக்குப்பா.

அடி இருக்கு. கீழ தரை இருக்கு. களிமண்ணு, உங்க அபார்ட்மெண்ட்டு தரை மாதிரி கெட்டி. ஆழமா? இடுப்பு. மதகைத் திறந்தப்புறம் இடுப்பு கூட வராது, தொடை. சத்தம் போடாத! தண்ணி மேல பேச்சு மைல் கணக்குல போகும். மெதுவா பேசு. எப்படித் தெரியுமா? நான் தான் சொன்னேன். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி, சலூன்ல, முடி வெட்டிக்கிட்டே. "என் தாத்தா கழுதை ஒண்ணு அங்க எறங்குச்சு, வரவே இல்ல"ன்னு. எங்க தாத்தாகிட்ட கழுதையே கெடையாது. அவர் தையல்காரர்.

ஏன்னு கேக்காத, நீயே பாத்தேல்ல ஏழு மீனை? ஏரி முழுக்கத் தட்டைத் தரை. இந்த எடம் தான் வாய்க்கால் ஓரம், மீன் திரும்புற மொனை. ஜனவரி மாசம், கை வெறைக்கிற குளிர்ல, ஒரு பய ஏரிப்பக்கம் வராத நாளாப் பாத்து, ஓக் கம்பு முப்பதை வெட்டிக் கொண்டு வந்து, நானே, ஒத்தை ஆளா, சம்மட்டி வெச்சு அடிச்சு எறக்குனேன். பாசி புடிச்சா குஞ்சு மீன் வரும், அது பின்னாலயே கிராப்பி வரும். வருஷா வருஷம் பழசைப் புடுங்கிப் புதுசு அடிப்பேன். அதை நான் வெண்டலுக்குத் தூக்கிக் குடுக்கணுமா? ஒரு கழுதையைக் கொன்னேன். இல்லாத கழுதை. பாவம் கூட வராது.

ஆமா... இப்ப படகைக் குத்திக்கிட்டு நிக்கிறது அந்தக் கம்பு தான். மொத வரிசை. நான் அடிச்சது தான்... நல்லா அடிச்சிருக்கேன். துடுப்பு முறிஞ்சுது, அது அசையல பாத்தியா.

என்ன? அப்ப நானே எறங்கித் தள்ளியிருக்கலாமா? இந்தக் கேள்விக்குத் தான் நான் பயந்தேன். அங்க பாரு. விரலைக் காட்டாத! கண்ணை மட்டும் திருப்பு. அந்த சைப்ரஸ் மரத்தடி, பச்சைப் படகு. ரெண்டு மணி நேரமா நங்கூரம் போட்டு, தூரக்கண்ணாடியை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். வெண்டல் தான். நான் முங்குறதைப் பாக்கணும்னு. நான் எறங்கி இடுப்பளவு தண்ணியில நின்னேன்னு வெச்சுக்கோ, நாளைக்குக் காலையில இங்க அறுபது படகு நிக்கும். துண்டை எதுக்கு வீசுனேன்னா, வெளியூர்க்காரன் எவனாவது கதை தெரியாதவன் வருவான், கயிறைப் போட்டு இழுப்பான், அதிசயமா தப்பிச்சோம்னு சொல்லிக்கலாம்னு. அவனுங்க எல்லாம் அந்த பனியனைப் போட்டுக்கிட்டு வருவானுங்கன்னு நான் என்னத்தைக் கண்டேன்.

கோவமா? கோவப்படு. நியாயம் தான். ரெண்டரை மணி நேரம் மூச்சை மெதுவா விட்டிருக்க. சரி, பேரம் பேசுவோம், வா. நான் பேரத்துல பொழைச்சவன், யாரையும் வெறுங்கையோட அனுப்ப மாட்டேன். அந்தப் பதினாறு அடிக் கம்பு ரெண்டு உனக்கு. நாலு. ரீலோட நாலு! வேணாமா? இனிமே உன் டிவியைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேன். க்ரேப்பின்னே சொல்லிக்கோ, நானும் சொல்றேன், க்ரேப்பி, க்ரேப்பி, போதுமா? இந்த எடத்துல பாதி உன்னுது. டார்லாவுக்குக் கூடத் தெரியாம, நீயும் நானும் மட்டும். ஒரே ஒரு உதவி, இன்னும் ஒரு அரை மணி அசையாம உக்காரு, எவனாவது வருவான்...

மிதவைச் சட்டையை ஏன் கழட்டுற? ரெண்டையுமா? மாப்ள. காலை எங்க வைக்கிற? ஷூ... புது ஷூ மாப்ள, நனைஞ்சா... ஏய்!

எறங்கிட்டான்.

உக்காரு! தண்ணிக்குள்ள உக்காரு! நிக்காத! முட்டியை மடக்கு, கழுத்து வரைக்கும் மறை! முங்குற மாதிரியாவது நடி! கையைத் தூக்கி ஒரு தடவை, ஒரே ஒரு தடவை காப்பாத்துன்னு கத்துப்பா, உனக்குப் புண்ணியமாப் போகும்! திரும்பிப் பாக்குறானா பாரு. கல்யாண ஊர்வலம் மாதிரி நிமிர்ந்து நடக்கறான். பேன்ட்டு பெல்ட்டு கூட நனையல. அங்க பள்ளம்! பள்ளம் இருக்கு பாத்து, விழு! ...விழல.

என்னது இது... படகு ஆடுது. மூக்கு எந்திரிக்குது. ஐயோ, விட்டுருச்சு! கம்பு விட்டுருச்சு! இவன் கனம் தானா இவ்வளவு நேரமும்? மணி என்ன... ரெண்டே கால். போயிரலாம். மோட்டாரைப் போட்டா ரெண்டே முக்காலுக்குத் துறை. ஏழும் உயிரோட இருக்கு, வாயைத் திறந்து திறந்து மூடுது, அழகா. பலகை, பெயிண்ட்டு, டோயல்னு கொட்டை எழுத்துல...

வெண்டல் நங்கூரத்தைத் தூக்குறான்.

இங்க தான் வரான். செவப்புப் படகும் திரும்புது. லோமக்ஸும். பாடிட்டுப் போனவன் தூண்டில் கம்பை எடுத்து விரிச்சுக்கிட்டே வர்றான் பாரு! கயிறு கேட்டப்ப ஒருத்தன் வரல, இப்ப கிழக்குப் பக்கம் இருந்து கூட வருது, எட்டு... பன்னெண்டு... நான் போனா இங்க கம்பு கம்பாப் புடுங்கி எண்ணிருவானுங்க. நான் நின்னா பெர்னிஸ் துணியைப் போட்டுருவா. பம்பு வேற நின்னு போச்சு. யோவ்! நில்லுங்கய்யா! கிட்ட வராதீங்க! வெண்டல், சொன்னாக் கேளு, உன் தங்கச்சி மேல சத்தியமா, அடி கெடையாது! அவன் நடக்கலய்யா! நீந்துறான்! எங்க மாப்ள நின்னமேனிக்கே நீந்துவான்! நாஷ்வில்ல அப்படித் தான் சொல்லித் தர்றாங்க!